கடைசியா சாப்பிடுறது யாரு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அரசு பெண்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பந்தலுக்கு வெளியே வெயில்ல நிக்கிற தங்கச்சிங்க உள்ளே வந்துடுங்க, இந்த ஓரமா இடம் இருக்கு.

என்னை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். "பி.டி. டீச்சர் கிரவுண்டைச் சுத்தி ஓட விடுறாங்க"ன்னு உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து முகத்தைச் சுளிக்குமே, அந்த பி.டி. டீச்சர் நான்தான். 22 வருஷமா இதே வேலை. அன்றாட வாழ்க்கை முறை உடம்பையும் விளையாட்டையும் எப்படிப் பாதிக்குதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. தலைப்பு பெரிசு. நான் பெரும்பாலும் உங்க சமையல்கட்டைப் பத்தித்தான் பேசப் போறேன்.

எங்க பள்ளிக் கபடி அணியில ஒரு பொண்ணு இருந்தா. பேர் வேண்டாம். நல்ல ரைடர். கபடியில பாடிப் போறவங்களுக்கு 30 விநாடிதான் நேரம். அந்த நேரம் முழுக்க "கபடி கபடி"ன்னு மூச்சு விடாமப் பாடணும், ஆளைத் தொடணும், கோட்டைத் தாண்டித் திரும்பி வரணும். இந்தப் பொண்ணு முதல் ரெண்டு தடவை போயிட்டு வருவா, பிரமாதமா இருக்கும். மூணாவது தடவை பாதியிலேயே பாட்டு நின்னுடும். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்வா. வகுப்புல தூங்குறான்னு கணக்கு டீச்சர் புகார். வீட்ல கேட்டா, "சோம்பேறிங்க டீச்சர், ஒரு குடம் தண்ணி தூக்கச் சொன்னா பத்து தடவை உக்காருவா, விளையாட்டை நிறுத்திடலாம்னு இருக்கோம்"னு அவங்க அம்மா சொன்னாங்க. கூடவே, மாமன் வீட்ல பொண்ணு கேக்குறாங்கன்னும் சொன்னாங்க. பொண்ணுக்கு அப்போ வயசு 16.

நான் அந்தப் பொண்ணோட கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் சிவப்பா இருக்கணும் இல்லையா? வெளுத்துப்போய் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, நாம சோம்பல்னு சொல்றதுல பாதிக்கு மேல ரத்தக் குறைவுதான்னு எனக்குத் தோணுது. நாம இழுக்குற மூச்சுக்காற்றுல இருக்குற பிராணவாயுவை நுரையீரல்ல இருந்து தொடைக்கும் கைக்கும் மூளைக்கும் சுமந்துக்கிட்டுப் போறது இந்த ஹீமோகுளோபின்தான். ரேஷன் அரிசி கிடங்கு நிறைய இருந்தாலும், ஏத்திக்கிட்டு வர லாரி பாதிதான் இருக்குன்னா கடைக்கு என்ன வரும்? அதே கதைதான். லாரி குறைஞ்சதும், இருக்குற லாரியையே வேகமா ஓட்டிப் பார்க்குது இதயம். அதான் அந்தப் படபடப்பு. இந்த நிலையில, "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு"ன்னு விசில் அடிச்சு என்ன பிரயோஜனம்?

இது ஒரு பொண்ணோட கதை இல்லீங்க. மத்திய அரசு 2019லிருந்து 2021 வரைக்கும் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, நம்ம தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பெண்கள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தல்ல உங்க வலது பக்கத்துல ஒருத்தங்க, இடது பக்கத்துல ஒருத்தங்க உக்காந்திருக்காங்களே, உங்களையும் சேர்த்து மூணு பேர்ல ஒருத்தருக்காவது இருக்கும்னு வெச்சுக்குங்க.

அந்தப் பொண்ணு வீட்டு நிலவரத்தைக் கேட்டேன். காலையில டீயும் ரெண்டு வர்க்கியும். மதியம் பள்ளியில சத்துணவு, முட்டை. சாயங்காலம் வந்ததும் டீ. ராத்திரி சோறு, ரசம், அப்பளம். கீரை வாரத்துல ஒரு நாள், அதையும் தின்னுட்டு உடனே ஒரு டீ. நம்ம ஊர்ல சாப்பாட்டுக்கு மேல டீ குடிக்கிறது ஒரு மரியாதை மாதிரி ஆகிப்போச்சு. டீயில இருக்குற துவர்ப்பு, கீரையிலயும் பருப்புலயும் இருக்குற இரும்புச் சத்தை உடம்புல சேரவிடாமப் பிடிச்சுக்கும். டீயை விடச் சொல்லலை, நானே நாலு வேளை குடிக்கிறவ. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க, அவ்வளவுதான். காசு செலவில்லாத வைத்தியம் இது. அதே மாதிரி முருங்கைக்கீரை பொரியல்ல அரை எலுமிச்சை பிழிஞ்சாலோ, சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடிச்சுக்கிட்டாலோ, அந்த இரும்புச் சத்து கூடுதலா உடம்புல ஒட்டும்.

கறி சாப்பிடுற வீடுகளுக்கு இன்னும் சுலபம். ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் இதுல இருக்குற இரும்பு, கீரையில இருக்குறதைவிட எளிதா உடம்புல சேரும். பிள்ளை பெத்தவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கணும்னு நம்ம பாட்டிமார் சொன்னதுல அர்த்தம் இருந்தது. ஆனா இன்னிக்குக் கறி எடுத்தா ஈரல் யார் தட்டுக்குப் போகுது? நீங்களே சொல்லுங்க. (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அந்தப் பொண்ணோட அம்மாவையும் அன்னிக்கே கையோட சோதனை பண்ணச் சொன்னேன். அவங்களுக்கு 7.6. மகளைவிடக் குறைவு. நம்ம குழுவுல பத்து வருஷமா இருக்காங்க, ஒரு தவணை தவறினது இல்லை. வீட்ல எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில ஒட்டினதை வழிச்சு ரசத்தை ஊத்திச் சாப்பிட்டு எழுந்திருக்கிறவங்க. மகளைச் சோம்பேறின்னு திட்டின அதே வாயால, "எனக்கும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது டீச்சர், வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்"னாங்க. வயசு 38. இதைச் சொல்லட்டுமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன், இங்கதான் உக்காந்திருக்காங்க.

ரெண்டு பேருக்கும் சுகாதார நிலையத்துல மாத்திரை கொடுத்தாங்க. முதல்ல குடல்புழு மாத்திரை, பிறகு இரும்புச் சத்து. மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் புரட்டுதுன்னு நிறையப் பேர் நாலு நாள்ல நிறுத்திடுவாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்க, புரட்டல் குறையும். மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். டீயோடயும் பாலோடயும் போடாதீங்க. பள்ளியில வாரம் ஒரு தரம் நீல மாத்திரை கொடுக்குறோமே, அதைப் பிள்ளைங்க ஜன்னலுக்கு வெளியே வீசிடுதுங்க. தோட்டத்துல பொறுக்கி எடுத்திருக்கேன். வீட்ல நீங்க ஒரு வார்த்தை கேளுங்க, "இந்த வாரம் போட்டியா?"ன்னு.

நாலு மாசத்துல பொண்ணுக்கு 11.5க்கு வந்தது. அந்த வருஷம் மாவட்டப் போட்டியில கடைசி வரைக்கும் நின்னு ஆடினா. பதக்கம் கிடைக்கலை, அரையிறுதியில தோத்துட்டோம். ஆனா கல்யாணப் பேச்சு நின்னது. இப்போ விளையாட்டு விடுதியில தங்கி 12 படிக்கிறா.

இதுல காலைச் சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டத்துல பல ஊர்கள்ல சமைக்கிறது நம்ம மகளிர் குழுப் பெண்கள்தான். உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆக்கிப்போடுறீங்க. ஆனா அது 5ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாவதுக்கு எங்ககிட்ட வந்ததும் காலைச் சாப்பாடு நின்னுபோகுது. பொண்ணு வயசுக்கு வர்ற, உடம்பு வேகமா வளர்ற நேரம் அதுதான். வெறும் வயித்தோட பிரேயர்ல மயங்கி விழுறது பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க. பழைய சோறும் மோரும் போதும், கூட ஒரு கை வறுத்த வேர்க்கடலை. கம்பங்கூழ் இருந்தா ராஜ விருந்து. கேழ்வரகு 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு, அரிசியில அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

போன வருஷம் ஒரு அம்மா, பையன் ஜிம்முக்குப் போறான்னு புரோட்டீன் டப்பா வாங்க உள்கடன் கேட்டாங்களாம். விலை 3,000 ரூபாய்க்கு மேல. அந்தப் பவுடர் ஒரு கரண்டியில இருக்குற புரதம் 25 கிராம்தான். 100 கிராம் வேர்க்கடலையில அதே அளவு இருக்கு, நாலு முட்டையிலயும் அதே அளவு இருக்கு. உள்கடனை வேற நல்ல காரியத்துக்குக் கொடுங்க. கறுப்பு கலர் பாட்டிலும் அப்படித்தான். 200 மில்லியில 20 கிராம் சர்க்கரை, அதாவது அஞ்சு சின்னக் கரண்டி. டீயில அஞ்சு கரண்டி போட்டுக் கொடுத்தா துப்பிடுவோம்.

தண்ணிக்கு வர்றேன். இது கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனா பெண்கள் கூட்டம்தானே. எங்க பிள்ளைங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்லை. ஏன்னா குடிச்சா கழிப்பறை போகணும். கழிப்பறை சுத்தமா இருக்காது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. அந்தப் பயத்துல தொண்டையை உலர்த்திக்கிட்டு இருக்குங்க. உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு நீர் குறைஞ்சாலே ஓட்டம் தளரும். 45 கிலோ பொண்ணுக்கு அது 900 மில்லி, ஒரு பாட்டில் தண்ணிகூட முழுசா இல்லை. நம்ம வெயில்ல ஒரு மணி நேரம் ஆடினா வியர்வையிலயே அது போயிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருக்குதா, கடுகு எண்ணெய் மாதிரி அடர்த்தியா இருக்குதான்னு பார்த்துக்கச் சொல்லிக் கொடுங்க. நீங்க செய்யக்கூடியது இன்னொண்ணும் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவுல உங்கள்ல பலர் உறுப்பினர். அடுத்த கூட்டத்துல கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பத்திப் பேசுங்க. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை வரப்போகுது? நான் சொன்னா டீச்சர் சொல்றாங்கன்னு போயிடும். நீங்க தீர்மானம் போட்டா வேற.

மாதவிலக்கு நாள்ல விளையாடலாமான்னு கேக்குறீங்க. தாராளமா விளையாடலாம். வலி அதிகமா இருந்தா அன்னிக்கு ஓய்வு, இல்லேன்னா வழக்கம்போல. நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும். துணின்னா வெயில்ல காயவைக்கணும், கட்டிலுக்கு அடியில ஒளிச்சுக் காயவைக்கக் கூடாது. ஏழு நாளுக்கு மேல போனாலோ, கட்டி கட்டியாப் போனாலோ டாக்டரைப் பாருங்க. ரத்தக் குறைவுக்கு அதுவும் காரணம். சில பொண்ணுங்களுக்கு ஓட்டப் பயிற்சி கூடி, சாப்பாடு குறைஞ்சு, மூணு மாசம் நாலு மாசம் வராமலே போகும். தொல்லை விட்டதுன்னு விட்டுடாதீங்க. செலவழிக்கிற சக்திக்கு ஈடா சாப்பிடலைன்னு உடம்பு சொல்ற சேதி அது. அப்படியே விட்டா எலும்பு பலம் போயிடும்.

தூக்கத்துல பொம்பளப் பிள்ளைக்கும் ஆம்பளப் பிள்ளைக்கும் வித்தியாசம் பார்க்குறோம். இந்த வயசுல எட்டு மணி நேரமாவது தூங்கணும். உடம்பு வளர்றதும், அன்னிக்குப் பட்ட அடி ஆறுறதும் ஆழ்ந்த தூக்கத்துலதான். வீட்ல சீரியல் பத்தரை வரைக்கும் ஓடுது, காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி வருது. எழுப்புறது யாரை? அண்ணன் போர்வைக்குள்ள இருப்பான். அவனும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடம் எடுக்கட்டுமே, கை என்ன தேஞ்சா போயிடும்?

மதுரை சக்கிமங்கலத்துல ரேவதின்னு ஒரு பொண்ணு. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. கூலி வேலைக்குப் போன பாட்டிதான் வளர்த்தாங்க. செருப்புகூட இல்லாம வெறுங்காலோட ஓடிப் பழகின பொண்ணு, 2021ல டோக்கியோ ஒலிம்பிக்குல 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்துல இந்தியாவுக்காக ஓடினா. பொட்டப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்குன்னு அந்தப் பாட்டியையும் ஊர் கேட்டுதான் இருக்கு. நம்ம மாநிலத்துல அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்குங்கிறதையும் கேக்குறவங்ககிட்ட சொல்லி வையுங்க.

"நாங்க நாள் முழுக்க வேலைதானே செய்றோம், எங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?"ன்னு முன் வரிசையில ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. களை எடுக்குறவங்க, நூறு நாள் வேலையில மண் சுமக்குறவங்க தனியா வாக்கிங் போகணும்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு வேணும்கிறது சாப்பாடும் ஓய்வும். ஆனா தையல் யூனிட்ல எட்டு மணி நேரம் உக்காந்தே இருக்கீங்களே, உங்களுக்கு நடை வேணும். வாரத்துல 150 நிமிஷம், பேச முடியும் பாட முடியாதுங்கிற வேகத்துல. முட்டி வலிக்கு, நாற்காலியில உக்காந்து ஒரு காலை நேரா நீட்டி, மெதுவா பத்து எண்ணி இறக்குங்க. ஒவ்வொரு காலுக்கும் பத்து தரம். இப்பவே ஒரு தடவை செய்யலாம். வெட்கப்படாதீங்க, எல்லாரும்தான் செய்றோம்.

வர்ற செவ்வாய்க்கிழமை காலையில சுகாதார நிலையத்துல ரத்தப் பரிசோதனை பண்ண ஏற்பாடு செஞ்சிருக்கு. விரல் நுனியில ஒரு சொட்டுதான். பொண்ணைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்கள் முதல்ல நீங்க விரலை நீட்டுங்க, பிள்ளை தானா நீட்டும். எண்ணைக் குழு நோட்டுல, சேமிப்புக் கணக்குக்குப் பக்கத்துலயே எழுதி வையுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்.

இப்போ கயிறு இழுக்குற போட்டி. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, முதுகுல ஆபரேஷன் பண்ணவங்க, கர்ப்பமா இருக்குறவங்க இழுக்க வேண்டாம், கை தட்டுங்க. மத்தவங்க செருப்பைக் கழட்டிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு வாங்க. மோர் அந்த அண்டாவுல இருக்கு.