தோம்பில் ஏறாத வீடுகள்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878-இல் ராஜாஜி பிறந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. சுவரில் விரிசல் விழுந்தால் கவனிக்க ஆள் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் குண்டுக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடிவந்த குடும்பத்தின் வீட்டுக்கு யார் சாட்சி? குடியிருந்தவர்கள் நினைவிலிருந்து தாளில் இழுக்கும் நாலு கோடுதான் சாட்சி என்றும், அதைப் பத்திரத்துக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்றும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இதைச் செய்து காட்டினார். இலங்கையின் வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேரை, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை வரையச் சொன்னார். அவரவர் கையால் வரைந்த கோணல் கோடுகள். அதையே கட்டடக் கலைஞர் அளவோடு திருத்திய படம். அவர்கள் கதையைக் கேட்டு சனாதனன் தீட்டிய ஓவியம். மூன்றும் சேர்ந்து 2011-இல் நூலாயின. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதற்கு. தோம்பு என்பது இலங்கையை ஒல்லாந்தர் ஆண்டபோது எழுதிவைத்த நிலப் பதிவேடு. வடக்கில் மக்கள் வீட்டை இழந்தது ஒருமுறை அல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே காலியாகி வன்னிப் பக்கம் நடந்தது. போகிற அவசரத்தில் உறுதிப் பத்திரத்தை எடுக்க முடியாதவர்கள் எத்தனையோ பேர்.

நினைவு ஏமாற்றும், வரைபவர் தம் வீட்டைப் பெரிதாகவே காட்டுவார் என்பார்கள். காட்டட்டும். விறாந்தையைவிடக் கிணற்றடியைப் பெரிதாக வரையும் ஒருத்தி, தன் பகல் பொழுது எங்கே கழிந்தது என்று சொல்கிறாள். கட்டடக் கலைஞர் அளவைச் சரிசெய்ததும் அந்தத் தகவல் போய்விடும். அதனால்தான் மூன்று படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. ஆண்டவர்களின் பதிவேடு மட்டும் முழு உண்மையா? வரிக்காக எழுதப்பட்ட ஏட்டில் வளவின் உரிமையாளர் பெயர் இருக்கும். அங்கே மாமர நிழலில் கழிந்த பொழுது இருக்காது.

படம் வரைந்தால் நிலம் திரும்புமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. திரும்பாது. ஆனாலும் படத்துக்கு வேறு வேலை உண்டு. பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பெய்ரூட்டில் பிறந்த கலைஞர் மோனா ஹாட்டூம், 1996-இல் ஜெருசலேமில் ஒரு படைப்பு வைத்தார். நாப்லுஸ் ஊரின் ஆலிவ் எண்ணெய்ச் சவர்க்காரக் கட்டிகளைத் தரையில் நெருக்கி அடுக்கி, அவற்றில் சிறு சிவப்பு மணிகளைப் பதித்து ஒரு வரைபடம் செய்தார். இஸ்ரேலுடனான ஓஸ்லோ ஒப்பந்தப்படி பாலஸ்தீனருக்கு விடப்படவிருந்த பகுதிகளை அந்த மணிகள் காட்டின. ஒன்றோடொன்று ஒட்டாத திட்டுத் திட்டான நிலம். அந்தப் படைப்பால் ஓர் அங்குலமும் கைக்கு வரவில்லைதான். ஆனால் ஒப்பந்தத் தாளில் பெரிய விட்டுக்கொடுப்பாகத் தெரிந்தது எவ்வளவு துண்டுபட்டது என்பதை, வீட்டில் குளிக்கும் சோப்பின் வாசனையோடு மக்கள் நேரில் பார்த்தார்கள். உரிமை கேட்பவருக்கு, இழந்தது இன்னது என்று காட்டத் தெரிவதே முதல் வேலை.

சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு ஊரை விட்டு வந்து லைன் வீட்டில் இருப்பவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தானே என்று ஓசூர்க்காரர் கேட்கலாம். அவர்கள் துயரமும் துயரம்தான். ஆனால் பொங்கலுக்கு ஊர் திரும்ப அவர்களுக்குப் பஸ் இருக்கிறது.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 1983 இனக்கலவரத்தை ஒட்டி, வளர்ந்த பிள்ளைகளோடு கடல் கடந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். முகாமில் பிறந்த பேரப்பிள்ளைகள் அவர்கள் விட்டுவந்த வீட்டைப் பார்த்ததில்லை. இங்குள்ள கல்லூரி மாணவர்கள் தாளும் பென்சிலுமாக அந்தப் பெரியவர்களிடம் போய் உட்கார வேண்டும். வரைந்த தாளில் ஊர், தேதி, வரைந்தவர் பெயர் எழுதி, ஒரு படியை அந்தக் குடும்பத்திடமும் இன்னொன்றை மாவட்ட நூலகத்திலும் வைக்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்கினால்தான் கேட்க ஆள் இருப்பார்கள்.