உதிர்வது கூந்தல், உதிரக்கூடாதது உறுதி!

(மாதர் சங்கமொன்றின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பாண்டியன் அவையிலே பெருவாதம் ஒன்று நடந்ததாகத் திருவிளையாடற் கதை கூறுகின்றது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அன்றிப் பூவாலும் புகையாலும் வருவதா என்பதே அவ்வாதம். மன்னன் ஐயுற்றான், பொற்கிழி தொங்கியது, நக்கீரர் எதிர்த்தார், இறைவனே வந்து வழக்குரைத்தான். இத்தனை பேரும் வாதிட்டார்கள். ஆனால் அக்கூந்தலுக்குரியவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்டவர் எவருமிலர்! அதே கூந்தல் நாற்பத்தைந்து வயதிலே கொத்துக் கொத்தாகக் கழன்று வரும்போது அவள் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணியவரும் இலர். இன்றும் அந்நிலை பெரிதாக மாறிவிடவில்லை. ஆகவே நமது கதையை நாமே பேசுவோம் என்று எழுந்து நிற்கின்றோம்.

"நாட்டிலே எத்தனையோ பிரச்சினைகள் இருக்கத் தலைமயிருக்கும் ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். மயிர் உதிர்வது சிறு காரியமாக இருக்கலாம். அது எதனால் உதிர்கின்றது என்பது சிறு காரியமன்று.

எமக்கு நேர்ந்தது

எமது சொந்த அனுபவத்தையே கூறுகின்றோம். நாற்பத்தாறாவது வயதில், முழுகிவிட்டுத் தலை துவட்டும்போதெல்லாம் துவாயிலே மயிர் சுற்றிக்கொண்டு வந்தது. வகிடு நாளுக்கு நாள் அகன்றது. கொண்டை சிறுத்தது. அதே வேளை நாடியிலே இரண்டொரு தடித்த மயிர் முளைத்தது. யாரிடம் சொல்வது? கடையொன்றில் "நாற்பது நாளில் பலன்" என்று எழுதிய எண்ணெய்ப் போத்தலை வாங்கினோம். ஒன்று மூன்றாயிற்று, பணம் கரைந்தது, மயிர் நிற்கவில்லை.

அக்காலத்தில் மாதவிடாய் சில மாதம் வராது. வந்தால் பத்து நாளும் பெருகும். படியேறினால் மூச்சு வாங்கும். "வயது போகிறது, அப்படித்தான்" என்று நமக்கு நாமே தீர்ப்பளித்துக்கொண்டோம். ஈற்றில் வேறொரு காரியமாக வைத்தியரிடம் சென்றபோது, அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரத்தசோகை! உடலிலே இருந்த இரும்புச்சத்து மிகுந்த இரத்தப்போக்கால் வற்றியிருந்தது. கூந்தல் எமக்குப் பல மாதங்களாகத் தூது அனுப்பிக்கொண்டிருந்தது. நாமோ அத்தூதுவனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்!

உடலுக்குள் நடப்பது என்ன?

மனிதர் தலையிலே ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. ஒவ்வொரு மயிரும் சில ஆண்டுகள் வளரும், பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருக்கும், பின்னர் உதிரும், அவ்விடத்திலே புதியது முளைக்கும். நல்ல நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு வளரும் பருவத்திலே நிற்கும்.

ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் வளரும் பருவத்தை நீடிக்கச் செய்வது. கருவுற்ற காலத்திலே கூந்தல் அடர்ந்து நிற்பதையும், பிள்ளை பெற்று மூன்று மாதமளவில் அது அள்ளுண்டு போவதையும் தாய்மார்கள் அறிவீர்கள். மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் இவ்வோமோன் ஏறியும் இறங்கியும் தடுமாறி ஈற்றில் குறைகின்றது. பெண்ணுடலிலும் சிறிதளவு உள்ள அன்ட்ரஜன் என்னும் ஆண் ஓமோன்களின் கை அப்போது ஓங்குகின்றது. தலையுச்சியிலே மயிர் மெலிவதும், நாடியிலே முளைப்பதும் இதனாலேயே. ஒரே ஓமோன் ஓரிடத்திலே பறிக்கின்றது, மற்றோரிடத்திலே நடுகின்றது! பரம்பரையும் இதிலே பங்கு கொள்கின்றது. முன்னெற்றி ஓரம் பெரும்பாலும் நிலைத்திருக்க வகிடு மட்டும் அகல்வது பெண்களிடம் காணும் வழக்கமான தோற்றம்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென்பர். பெரும்பாலோர்க்கு இது ஐம்பது வயதையொட்டி நிகழும். அதற்கு முந்திய தடுமாற்றம் நாற்பதுகளிலேயே தொடங்கிவிடும்.

எல்லாப் பழியும் வயதுக்கல்ல

ஆனால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றக் காரணங்களைத் தப்பவிடுவது பெருந்தவறு. இரத்தசோகையை முன்னரே கூறினோம். தைரொயிட்டுச் சுரப்பி மந்தமாவதும் இவ்வயதுப் பெண்களிடம் காணப்படுவதே. களைப்பு, குளிர் தாங்காமை, உடல் பெருத்தல், மலச்சிக்கல் ஆகியவை அதனோடு வரும். டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து உடல் மெலிதல், நெஞ்சைப் பிளக்கும் துக்கம் ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதங் கழித்து மயிர் திரளாக உதிரும். கொரோனாத் தொற்றின் பின்னரும் பலர் இதனைக் கண்டனர். காரணம் தீர்ந்தால் இவ்வகை உதிர்வு சில மாதங்களிலே தானே நிற்கும்.

ஆதலின் முதலில் வாங்க வேண்டியது எண்ணெய்ப் போத்தலன்று. முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. எமது நாட்டிலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 35 வயது கடந்த பெண்களுக்கென நடத்தப்படும் கிளினிக்குகள் உண்டு. கட்டணமில்லை. குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளும் இடமும் கூறுவார். பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமே அப்படலையைத் திறந்தோம். அதற்குப் பின் அதனை மறந்தோம்.

ஆசை காட்டும் வணிகம்

தேங்காயெண்ணெயை நாம் பழிக்கவில்லை. அது மயிரிலுள்ள புரதம் கழன்று போவதைக் குறைக்கின்றதென்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. தண்டை அது காக்கும். வேரிலே புதிதாக ஒன்றை முளைப்பிக்கும் என்பதற்குச் சான்றில்லை. காப்பதை முளைப்பிப்பதென்று விற்பதே வஞ்சகம்.

"மயிர் வளர்க்கும் உயிர்ச்சத்து" என்று பயோட்டின் குளிசைகள் விற்கப்படுகின்றன. அச்சத்துக் குறைபாடு மிக அரிது. மாறாக, அதனை மிகையாக உண்பது தைரொயிட்டு முதலிய இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பிழையாகக் காட்டக்கூடும் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் எச்சரித்தது. பரிசோதனைக்குச் செல்பவர்கள் அதனை உண்பதை வைத்தியரிடம் மறைக்கலாகாது.

நரையை மறைக்கும் கறுப்புச் சாயங்களிலே பரா பினைலீன் டயமீன் என்னும் பொருள் பெரும்பாலும் உண்டு. சிலர்க்கு அது முகத்தை வீங்கச் செய்யும். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்னர் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்ப்பது அறிவுடைமை. ஒருமுறை ஒவ்வாமை கண்டவர்கள் மறுமுறை தொடலாகாது.

மெய்யாகவே பயன் தரும் மருந்தும் உண்டு. மினொக்சிடில் என்பது முதலில் இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்டது. உண்டவர்களுக்கு மயிர் வளர்ந்தது கண்டு தலையிற் பூசும் மருந்தாக்கினர். தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடலாம்; அஞ்ச வேண்டா. நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் பெற்ற பலன் போய்விடும். சிலர்க்கு முகத்திலும் மயிர் முளைக்கும். கருவுற்றோர் பூசலாகாது. மாதவிடாய் தடுமாறும் இக்காலத்திலும் கருவுறல் நிகழக்கூடும் என்பதை மறவாதீர்கள். ஆகவே வைத்தியரின் சொற்படியே இதனைத் தொடங்க வேண்டும்.

சட்டியின் அடியும் பெண்ணின் பங்கும்

இன்னுமொன்று. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மீன் துண்டைப் போட்டுவிட்டுச் சட்டியின் அடியிலுள்ள குழம்பை வழித்துண்பவள் யார்? மயிர் புரதத்தாலானது. முட்டை, மீன், நெத்தலி, பயறு, கடலை ஆகியவற்றிலே பெண்ணுக்கும் சம பங்கு வேண்டும். உரிமை பற்றிப் பேசும் நாம் அதனைக் குசினியிலிருந்து தொடங்குவோம்! முருங்கையிலைச் சுண்டலோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுங்கள். ஈரத்தலையை இழுத்து வாராதீர்கள். இறுக்கிய கொண்டையைத் தளர்த்துங்கள். நாடியில் முளைப்பதைக் கத்தரிப்பதிலோ மழிப்பதிலோ வெட்கமில்லை. மழித்தால் தடிக்கும் என்பது வெறுங்கதை.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதியாதீர்கள்: வட்டவட்டமாகத் திட்டாகக் கொட்டுதல், தலைத்தோல் எரிந்து தழும்பாதல், நெற்றியோரம் பின்வாங்கப் புருவமும் மறைதல், முகமயிர் திடீரெனப் பெருகிக் குரலும் தடித்தல், ஓராண்டு நின்ற பின் மீண்டும் இரத்தம் காணுதல். இவை வைத்தியரை உடனே நாட வேண்டியவை.

இறுதி வேண்டுகோள்

சகோதரர்களே! "தலை வெளிச்சிட்டுவிட்டது" என்று மனைவியை விளையாட்டாகச் சொல்வதை விடுங்கள். அவளைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றைய சமையலை நீங்கள் பாருங்கள்.

சகோதரிகளே! எமக்கு இரும்புச்சத்து ஏறியது. இரத்தப்போக்குக்கும் வைத்தியம் நடந்தது. மூச்சிளைப்பு நீங்கியது, உதிர்வும் தணிந்தது. ஆனால் இருபது வயதுக் கூந்தல் திரும்பவில்லை, திரும்பவும் மாட்டாது. மெய்யை மெய்யாகவே சொல்கின்றோம். மெலிந்த கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டோம். முதல் நாள் ஊர் பார்த்தது, மறுநாள் மறந்தது. சாயம் பூசுவதும், நரையோடு நிற்பதும், தலைக்குச் சேலைத் தலைப்பைப் போடுவதும் அவரவர் உரிமை. அந்தத் தெரிவிலே வெட்கத்துக்கு இடங்கொடாதீர்கள்.

வீட்டுக்குச் சென்றதும் உங்கள் அக்காவிடமோ அயலவளிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கும் இப்படித்தானா?" அந்தக் கேள்வியை எம்மிடம் எவரேனும் கேட்டிருந்தால் மூன்று போத்தல் எண்ணெயும் பல மாத மூச்சிளைப்பும் எமக்கு மிஞ்சியிருக்கமாட்டா.