கடிதத்தில் உள்ளதும் இல்லாததும்



என் தமக்கையின் மகள் மாஹிமில் எங்களுடன் தங்கி, லோயர் பரேலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகிறாள். சென்ற மாதம் ஒரு மாலை, முகமலர்ச்சியோடு ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டி, "மாமா, வருஷத்துக்கு 12 இலட்சம்! நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள். அம்பாசமுத்திரத்தில் அவள் தந்தை கட்டிய வீட்டின் கடன் தவணையை மாதந்தோறும் செலுத்துபவள் அவளே. ஒரு மாதச் சம்பளம் நின்றால் அங்கே தவணையும் நின்றுவிடும். ஆகவே இருவரும் அமர்ந்து அக்கடிதத்தை வரிவரியாகப் படித்தோம். அதில் கண்டவற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலாவது சம்பளம். 12 இலட்சம் என்பது கைக்கு வரும் பணமன்று. அவளுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் 1,80,000 ரூபாய், ஆண்டிறுதியில் இலாபத்தையும் வேலைத் திறனையும் பொறுத்துத் தரப்படுவது. அடிப்படைச் சம்பளம் 6 இலட்சம். அதற்கு 12 விழுக்காடு வீதம் முதலாளி வைப்பு நிதியில் செலுத்தும் 72,000 ரூபாயும், பணிக்கொடைக்கென ஒதுக்கும் ஏறத்தாழ 28,900 ரூபாயும் அந்த 12 இலட்சத்திற்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்து, அவள் செலுத்த வேண்டிய வைப்பு நிதி 6,000 ரூபாயையும் நீக்கினால், மாதத்திற்கு ஏறத்தாழ 70,600 ரூபாய். வரி அதற்கும் பின்னர். இப்பொழுது அவள் இதே கணக்கில் பெறுவது 62,000. மாதம் ஓர் இலட்சம் என்று எண்ணியிருந்தவளுக்கு உண்மையில் கிடைக்கும் உயர்வு 8,600 ரூபாய்தான். லோயர் பரேல் மாஹிமிலிருந்து நான்காவது நிலையம். புதிய அலுவலகமோ ஐரோலியில். தாதரிலும் தானேயிலும் வண்டி மாறியாக வேண்டும்.

மற்றொன்று. பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்ப்பணி வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் நிரந்தர ஊழியருக்கு அந்த விதியையே வைத்திருக்கிறது. அவளுக்கு ஆகியிருப்பவை நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும். இன்று விலகினால் ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாயை இழக்க நேரும்.

இரண்டாவது முன்னறிவிப்புக் காலம். பழைய நிறுவனம் 90 நாள் கேட்கிறது. புதிய நிறுவனம் 30 நாளில் வரச் சொல்கிறது. இடையிலுள்ள 60 நாள் சம்பளத்தை யார் ஈடு செய்வது? கடிதம் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத்தை வெறுங் காகிதமென்று எண்ணலாகாது. கல்யாணிலிருந்த செஞ்சுரி நிறுவனத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர், காலம் முடியுமுன்பே அதே தொழிலில் ஈடுபட்ட கோட்டா நகர ஆலைக்குச் சென்றார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அங்கே பணியாற்றலாகாது என்ற தடையை 1967-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எல்லா ஒப்பந்தமும் அத்தகையதன்று. எனினும் கையெழுத்திடுமுன் படிப்பது நம் கடமை.

மூன்றாவது பதவி உயர்வு. "ஓராண்டிற்குப் பின் உயர்வு பரிசீலிக்கப்படலாம்" என்றிருந்தது. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அந்த 'லாம்' உடனே கண்ணில் பட்டது. 'படும்' என்பது வாக்குறுதி. 'படலாம்' என்பது நல்லெண்ணம் மட்டுமே.

இதை நான் அனுபவத்தில் கற்றவன். இளமையில் ஒரு தனியார் அலுவலகத்தில் இருந்தேன். அடுத்த ஏப்ரலில் உயர்வு என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். அதை நம்பி, கைக்கு வந்த வேறொரு வேலையை வேண்டாமென்றேன். மார்ச்சில் அவர் மாற்றலாகிச் சென்றார். பின் வந்தவர், "அப்படி எழுத்தில் ஏதும் இல்லையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். இப்பொழுது நானிருக்கும் மத்திய அரசுப் பணியில், உயர்வு கிட்டாதவர்க்கு 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய நிலை உயரும் ஏற்பாடு 2008 முதல் உள்ளது. மெதுவான ஏணிதான், ஆனால் அதன் படிகள் எழுத்தில் உள்ளன.

"அப்படியானால் போக வேண்டாமா, மாமா?" என்றாள். போகலாம், கேட்டுவிட்டுப் போ என்றேன். சேரும் நாளைத் தள்ளிவைக்க இயலுமா, இயலாதெனில் 60 நாள் சம்பளத்தை யார் தருவது, உயர்வுக்குரிய விதி எது என்னும் மூன்று கேள்விகளை அவளே எழுதி அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. சேரும் நாளைத் தள்ளிவைத்திருந்தார்கள்; உயர்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் பணிவோடு மறுத்துவிட்டாள். ஐந்தாண்டு நிறைந்த பின் மீண்டும் வேலை தேடப் போவதாகச் சொல்கிறாள்.

வேறொருவர் அவள் நிலையில் போயிருக்கவும் கூடும், அதுவும் பிழையாகாது. கணக்கிட்டபின் போக வேண்டும் என்பதே என் கருத்து. புதிய கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுத்தில் கிடைக்கும் வரையில், உங்கள் ராஜினாமாக் கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.