மேலிருந்து வந்த அதிகாரம்



பொத்துவிலிலிருந்து கல்முனை வரை நீண்டு கிடக்கும் கரையோரத்தில் வயல் செய்வோருக்கு வட்டைவிதானையார் யார் என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாய்க்கால் நீர் எந்த நாளில் எவருடைய வயலுக்குப் பாயவேண்டும் என்பதற்கு அவர் சொல்லே சொல். ஆயினும் தண்ணீர் அவருடையதன்று. மழையும் அவர் பெய்விப்பதன்று. வயற்காரர் கூடித் தெரிந்தெடுத்ததனால் அவர் கட்டளையிடுகிறார். நீரைப் பங்கிட்டதற்குக் கணக்கும் சொல்லவேண்டியவராகிறார். மனிதரின் அதிகாரத்தைப் பற்றிக் கிறிஸ்தவ வேதாகமம் கூறுவதை விளங்கிக்கொள்வதற்கு இந்த வட்டைவிதானையார் நமக்குப் பெரிதும் உதவுவார்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஒரு விசாரணை நடக்கிறது. யூதேயாவை ஆண்ட உரோம அதிபதி பிலாத்துவின் முன்னே இயேசுநாதர் கைதியாக நிற்கிறார். விடுவிக்கவும் சிலுவையில் அறையவும் தனக்கு அதிகாரம் உண்டென்று பிலாத்து அவருக்கு நினைவூட்டுகிறான். கைதியோ அதை மறுக்கவில்லை. அந்த அதிகாரம் மேலிருந்து அருளப்பட்டிராவிட்டால் அவனிடம் அது இருந்திராது என்று மட்டும் விடை கூறுகிறார். இவ்விடையை மேலோட்டமாகப் படிப்போர் இதில் பணிவை மட்டுமே காண்பர். சற்று ஆழ்ந்து நோக்கினால், ஆள்பவன் ஒருவனுக்கு இதனினும் கடுமையான சொல் கிடையாது. கொடுத்தவன் ஒருவன் உண்டென்றால், கணக்குக் கேட்பவனும் ஒருவன் உண்டல்லவா? இந்தப் பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961ஆம் ஆண்டில் செசரியா நகரத்து இடிபாடுகளிற் கிடைத்தது. உடைந்த கல்; எழுத்துகளிலும் பாதி சிதைந்து போயின.

அப்போஸ்தலராகிய பவுல் உரோமருக்கு எழுதிய நிருபம் ஏறத்தாழ கி.பி. 57ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிகாரத்தைப் பற்றிய பகுதி அதன் 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. தமிழில் வாய்க்கும் சிலேடை இது. ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவை இறைவனால் ஏற்பட்டவை என்கிறார் பவுல். அரசர்களுக்கு இப்பகுதி மிகவும் இனித்தது என்பதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் வாசிக்க மறந்த சொல்லொன்று அங்கே உண்டு. ஆள்பவனை இறைவனின் ஊழியன் என்கிறார் பவுல். அதற்கு அவர் ஆண்ட கிரேக்கச் சொல், பந்தியிற் பரிமாறி நிற்பவனையும் குறிக்கும் சொல். அப்பொழுது உரோமாபுரியில் அரியணையில் இருந்தவன் நீரோ மன்னன் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 5ஆம் அதிகாரத்தில், போதிக்கலாகாது என்ற தடையை எதிர்த்து நின்ற பேதுரு, மனிதரைவிட இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரமோ, வழிபாட்டைத் தனக்கே கேட்கும் ஆட்சியைக் கடலிலிருந்து எழும் விலங்காகத் தீட்டுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை வாசித்தால் வேதாகமம் ஆட்சியாளரின் கைக்கோலாகிவிடும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு பவுலின் சொற்களைத் தனக்கு அரணாகக் கொண்டபோது, அந்நாட்டுக் கிறிஸ்தவ அறிஞர் பலர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கைரோஸ் ஏட்டில் இதைத்தான் எடுத்துக்காட்டினர்.

இக்கரையில் வாழும் முஸ்லிம் நேயர்களுக்கு இச்செய்தி புதியதன்று. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், இறைவனுக்கும் தூதருக்கும் அடுத்தே அதிகாரமுடையோருக்கான கீழ்ப்படிதலை வைக்கிறது. இறைவனுக்கு மாறுசெய்வதிற் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நபிமொழி தரும் கருத்து. ‘அமானிதம்’ என்று நீங்கள் வழங்கும் சொல்லைவிடப் பிலாத்துவுக்குக் கிடைத்த விடையைச் சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இக்கருத்துகளை உரைத்துப் பார்க்க நமது வரலாறே உரைகல்லாகிறது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்கள் கையிலும் இதே வேதாகமம் இருந்தது. வெளியேற்றப்பட்டோருக்கு இடமளித்தவன் கண்டியரசன் செனரத். புத்த சமயத்தைப் பேணிய மன்னன். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் அவன் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் கூறும். அடுத்து வந்த ஒல்லாந்தர் வேறு வழியைக் கண்டனர். ஞானஸ்நானம் பெற்றோருக்கே அரச உத்தியோகம் என்றனர். திருமணப் பதிவையும் திருச்சபையோடு பிணைத்தனர். பள்ளித் தோம்புகளிற் பெயர்கள் பெருகின. 1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து கட்டாயமும் நீங்கியதும், அப்பெயர்களுக்கு உரியோர் பெருந்தொகையினராய்த் தத்தம் கோயிலுக்குத் திரும்பினர். பெயரைத் தோம்பில் ஏற்ற அரசால் முடிந்தது; நெஞ்சில் நம்பிக்கையை ஏற்ற அதனால் முடியவில்லை. வேதாகமத்தை முன்னமே கவனமாய் வாசித்திருந்தால் ஒல்லாந்தப் போதகர்கள் அவ்வளவு மையைச் செலவிட்டிருக்க மாட்டார்கள்!

இறைவனின் வல்லமை என்று சொன்னவுடன் இக்கரையோர மக்களின் நினைவு எங்கே செல்லும் என்பதை நான் அறிவேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் காலையில், பொத்துவில் முதல் மருதமுனைக்கு அப்பாலும் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. மாண்டவர்களின் பாவமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னவர்களும் பின்னாளில் இருந்தனர். எல்லாச் சமயத்திலும் இருந்தனர். பிலாத்துவுக்காவது இராயன் தந்த பதவி இருந்தது. இத்தீர்ப்பைக் கூற இவர்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்?

லூக்காவின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசுநாதர் பேசுகிறார். எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று தாமே கேட்டு, அல்லர் என்று தாமே விடையும் கூறுகிறார். மனந்திரும்பும்படி அவர் சொன்னது மாண்டோரை நோக்கியன்று, கேட்டுக்கொண்டு நின்றோரை நோக்கியே. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் மற்றொரு நாள் கேட்டனர். இருவரும் அல்லர் என்றார். பின்னர் மண்ணைக் குழைத்து அவன் கண்களிற் பூசி, அதே சீலோவாமின் குளத்திற்குப் போய்க் கழுவி வரும்படி அவனை அனுப்பினார்.