குளத்துப் பச்சை நீரும் மீன்பாசிக் குத்தகையும்



ஊர்க்குளத்து மீன்பாசிக் குத்தகையைச் சங்கத்தின் பெயரால் எடுப்பதென்று தீர்மானித்திருக்கிறீர்கள். கடன் பெற்றுக் குஞ்சு வாங்கி விடுமுன், அக்குத்தகையின் பெயரிலேயே உள்ள பாசியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

யான் குறிப்பது படித்துறையில் வழுக்கும் பாசியையன்று. குளம் இளம்பச்சையாகத் தோன்றுகிறதே, அது ஜலத்தின் நிறமன்று. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத எண்ணிறந்த தாவரங்களின் நிறமாகும். ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கின், உருண்டையாயும் கோலாயும் சங்கிலியாயும் அவை மிதப்பதைக் காணலாம். சென்னைச் சர்வகலாசாலையில் எம். ஓ. பி. ஐயங்கார் அவர்கள், உருண்டையாய்க் கூடி உருளும் தென்னாட்டுப் பாசியினங்களைப் பற்றி 1933-இல் விரிவாக எழுதினார். நெற்பயிரைப் போலவே இவையும் வெயிலில் கரியமிலவாயுவை உட்கொண்டு உணவாக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. உலகமெங்கும் நடைபெறும் இவ்வேலையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் இவற்றின் இனத்தாரால் நடைபெறுவதாம்.

இவற்றைச் சிறு நீர்ப்பூச்சிகள் தின்ன, அப்பூச்சிகளைக் கட்லா தின்கிறது. 1959-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட வெள்ளிக்கெண்டையோ பாசியையே செவுளால் வடித்து உண்ணும். ஆகவே குளத்தில் சாணமிடுவது மீனுக்கு இரையிடுவதன்று, பாசிக்கு எருவிடுவதாகும்.

எரு மிகுந்தால் விளைவதைக் கேளுங்கள். பகலில் பிராணவாயு தரும் பாசி, இரவில் மீனைப் போலத் தானும் அதையே சுவாசிக்கிறது. மேகம் மூடிய நாளில் பகல் வரவு குறையும். இரவுச் செலவோ குறையாது. விடியற்காலையில் கையிருப்பு தீர்ந்துபோக, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்து, பொழுது புலர்வதற்குள் செத்து மிதக்கும். ஓர் ஊரில் இவ்வாறு நேர்ந்தபோது, எதிர்க்கட்சியார் விஷம் கலந்தனர் என்று சொல்லிச் சங்கமே இரண்டுபட்டது, தவணை கட்டுவாருமில்லை. முந்தின வாரம் வண்டி வண்டியாய்ச் சாணம் கொட்டியதை ஒருவரும் நினைத்தாரில்லை.

பரீட்சை எளிது. கையை முழங்கை வரை நீரில் அமிழ்த்துங்கள். அப்போது உள்ளங்கை மங்கி மறையத் தொடங்கினால் பச்சை போதும். மணிக்கட்டு நனையுமுன்பே விரல்கள் மறைந்தால், எருவை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சவேண்டும். சேற்றுக் கலங்கலுக்கு இப்பரீட்சை பொருந்தாது.

காற்று ஒதுக்கும் கரையில் பச்சை வர்ணம் ஊற்றினாற்போல் ஏடு படிந்தால், அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியாகும். அதிற் சில ஜாதிகள் விஷமுள்ளவை. காய்ச்சினாலும் அவ்விஷம் நீங்காது. அத்துறையில் மாடுகளை இறக்கற்க.

கூட்டம் முடிந்தபின் இரண்டொருவர் என்னுடன் குளக்கரைக்கு வாருங்கள். கையை நனைத்துப் பார்த்த பிறகே, கடன் மனுவில் சாணத்துக்கு எவ்வளவு எழுதுவதென்று நிச்சயிப்போம்.