ஆற்று மட்டியும் உலோக நஞ்சும்

கிளந்தானில் 'எத்தோக்' என்று புகையூட்டி விற்கிறார்களே, அந்தச் சிறிய ஆற்று மட்டியைப் பற்றி இன்று பேசுவோம்.

மட்டி இரை தேடி ஓடாது. மணலில் புதைந்தபடியே தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் வடிகட்டி, சிக்கும் பாசித் துகளைத் தின்றுவிட்டு, மீதி நீரை வெளியே தள்ளும். அந்த நீரில் காரீயமோ, காட்மியமோ, பாதரசமோ இருந்தால் அதுவும் உடலில் தங்கிவிடும். ஆற்றில் துளியளவாக இருப்பது சதையில் சேர்ந்து சேர்ந்து மிகுதியாகிவிடுகிறது. பழைய பேட்டரி, தொழிற்சாலைக் கழிவு, சுரங்க நீர் ஆகியவற்றிலிருந்து இவை ஆற்றுக்கு வருகின்றன. பாஸ்பேட் உரத்திலும் சிறிதளவு காட்மியம் உண்டு. முன்னாளில் ரப்பர் தோட்டங்களில் களை கொல்ல சோடியம் ஆர்சனைட் தெளித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதிலுள்ள ஆர்சனிக்கும் இந்த நஞ்சுகளோடு சேர்த்து எண்ணத்தக்கதே.

மட்டியும் சும்மா இருந்துவிடுவதில்லை. கந்தகம் நிறைந்த ஒரு புரதத்தைச் சுரந்து, உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. இந்த வகைப் புரதத்தை 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில்தான் முதலில் கண்டார்கள். உலோகம் மிகுந்துவிட்டால் இந்தக் காவல் போதாது. உடலின் புரதங்கள் சிதையத் தொடங்கும்.

இங்கேதான் உயிர்ச்சத்து 'சி' உதவுகிறது. நெல்லி, கொய்யா, எலுமிச்சையில் நாம் பெறும் அதே சத்துதான். மகாராஷ்டிரத்தில் எத்தோக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு மட்டியை வைத்துச் சோதித்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. மயில்துத்தமும் பாதரச உப்பும் கலந்த நீரில் மட்டியின் புரதம் குறைந்தது. உயிர்ச்சத்து 'சி'யும் சேர்ந்த நீரில் அந்தக் குறைவு தணிந்தது. உலோகம் உடலில் கிளப்பிவிடும் தீய அணுக்களை இச்சத்து அடக்குவதே காரணம் என்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள், "மட்டிக் கறியில் எலுமிச்சை பிழிந்தால் நஞ்சு போய்விடுமா, சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், போகாது. சோதனையில் பயன் பெற்றது உயிருள்ள மட்டி. சதையில் ஏறிய உலோகம் எலுமிச்சைச் சாற்றிலும் அழியாது, கொதிக்கும் சட்டியிலும் அழியாது. கிருமிதான் கொதியில் சாகும். இரவு முழுவதும் நல்ல நீரில் போட்டு வைத்தால் மட்டி சேற்றைக் கக்கிவிடும். சதையில் கட்டுண்ட உலோகத்தை ஓரிரவில் கக்காது. ஆகவே பட்டறைக் கழிவோ சுரங்க நீரோ கலக்கும் இடத்துக்குக் கீழே பொறுக்கிய மட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.