விதைத்தோலின் நிறமும் மரபு வழியும்



வெள்ளி விழா மேடையில் விதையின் தோலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் விதையோடு பழகிய குடும்பத்தினர். நாற்று நட்டதும், களை பறித்ததும், களத்தில் தூற்றியதும் நம்மவர் கைகளே. ஆயினும் ஒரு மணி ஏன் சிவந்திருக்கிறது, மற்றொன்று ஏன் வெளுத்திருக்கிறது என்று விளக்கும் நூல்கள் நம் வீடுகளுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே அதனையே இன்று பேசப் புகுகிறோம்.

முதலில் அடிப்படையான செய்தி ஒன்று. விதைக்குள் உறங்கும் முளைக்கரு, தாய்ச்செடிக்கும் தந்தைச்செடிக்கும் பிறந்தது. அதனைப் போர்த்தியிருக்கும் தோலோ முற்றிலும் தாயின் உடற்பகுதி. சூலின் உறையே முதிர்ந்து விதைத்தோல் ஆகிறது. மகரந்தம் எச்செடியிலிருந்து வந்தாலும் அந்தத் தோலின் நிறத்தில் அதற்குப் பங்கில்லை. துவரை போல அயல் மகரந்தம் எளிதில் சேரும் பயிர்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளைத் துவரைப் பூவில் தேனீயானது செந்துவரையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால், அக்காயில் விளையும் மணிகள் அவ்வாண்டு வெள்ளையாகவே இருக்கும். அம்மணிகளை விதைத்து, வளர்ந்த செடி காய்த்த பின்னரே கலப்பு வெளிப்படும். அப்போது களத்தில் அடித்தவர்களும் புடைத்தவர்களும் கவனமின்றிக் கலந்துவிட்டார்கள் என்ற பழி எழக்கூடும். உண்மையில் அது முந்திய பருவத்துப் பூவிலேயே நிகழ்ந்துவிட்ட ஒன்று.

நிறம் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்குகிறது என்பதை எண்ணிக்கையால் நிறுவியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1822-ஆம் ஆண்டில் பிறந்த உழவர் மகன் அவர். அவருடைய தந்தை வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கட்டாய உழைப்புத் தர வேண்டியவராக இருந்தார். பணமின்றி மகனின் படிப்பு நின்றுவிடும் நிலை வந்தபோது, தங்கை தெரேசியா தம் சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். பின்னாளில் அத்தங்கையின் பிள்ளைகள் கல்வி பெற மெண்டல் உதவினார். (விதிகளைப் பாடமாக்கும் நம் பிள்ளைகள் இச்செய்தியையும் அறிந்திருப்பது நல்லது.)

புருன் நகர மடத்தில் துறவியான பின், அங்குள்ள தோட்டத்தில் பட்டாணியைப் பயிரிட்டு ஆராய்ந்து, 1866-ஆம் ஆண்டில் முடிவுகளை அச்சில் வெளியிட்டார். பழுப்புத் தோலும் வெள்ளைத் தோலும் உடைய வகைகளைக் கலந்தபோது, முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் பழுப்பு விதையே தந்தன. அடுத்த தலைமுறையில் 929 செடிகளை எண்ணினார். 705 செடிகளில் ஊதாச் சாயலுள்ள பூவும் பழுப்புத் தோலும், 224 செடிகளில் வெள்ளைப் பூவும் வெள்ளைத் தோலும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பூவின் நிறமும் தோலின் நிறமும் பிரியாது வந்ததற்குக் காரணம், இரண்டையும் ஆள்வது ஒரே மரபணு என்பதே. பாடநூலில் காணும் மஞ்சள், பச்சைப் பட்டாணியை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது தோலின் நிறமன்று, பருப்பின் நிறம். பருப்பு முளைக்கருவின் பகுதியாதலால், கலப்பு செய்த காயிலேயே அந்நிறம் தெரிந்துவிடும்.

நெல்லுக்கு வருவோம். செந்நெல் அரிசியின் செம்மை உமியில் இல்லை. உமி நீங்கிய பின் தெரியும் தவிட்டுப் படலத்தில் இருக்கிறது. அதுவும் தாயின் திசுவே. காட்டு நெல்லினங்களின் அரிசி சிவப்பு. வெண்மை பின்னர் வந்தது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டனர். செம்மை உண்டாக ஆணையிடும் ஒரு மரபணுவில், பெரும்பாலான வெள்ளையரிசி வகைகளில் 14 எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஆணை முறிந்தது, சாயம் ஊறவில்லை. வெண்மையைத் தருவதற்கென்று தனிப்பொருள் ஏதும் அங்கே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, மெண்டலின் பட்டாணியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுதான் பழுதுற்றிருந்தது என்று கண்டறிந்தனர்.

நெல்லின் அந்த மரபணுவுக்கு வேறொரு பணியும் உண்டு. அது விதையின் உறக்கத்தை நீட்டிக்கிறது. வயலில் உதிரும் களைநெல்லின் செம்மணிகள் உடனே முளைக்காமல் மண்ணில் காத்திருந்து, பின்னொரு பருவத்தில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோதுமையில் நிலைமை இன்னும் சுவையானது. சுவீடன் நாட்டு நில்சன்-ஏலே 1909-இல் செங்கோதுமையையும் வெண்கோதுமையையும் கலந்த ஆய்வொன்றில் 63-க்கு ஒன்று என்ற விகிதத்தைக் கண்டார். செம்மை தரும் மரபணுக்கள் மூன்று. ஒன்று இருந்தாலே மணி சிவக்கும், மூன்றும் செயலற்றால்தான் வெளுக்கும். அறுவடைக் காலத்தில் மழை பிடித்தால், வெண்கோதுமை கதிரிலேயே முளைத்துவிடும் தன்மையுடையது. செங்கோதுமை பொதுவாகத் தாக்குப்பிடிக்கும்.

1966-ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. உரமிட்டாலும் சாயாத தண்டு, மிகுந்த விளைச்சல். ஆனால் மணி சிவப்பு. ரொட்டிக்கு அம்பர் நிற மணியையே விரும்பிய சந்தை அதற்குக் குறைந்த விலையே தந்தது. நிறத்தைக் கண்டு ஒதுக்கியிருந்தால் குட்டைத் தண்டையும் சேர்த்தே இழந்திருப்போம். அறிவியலாளர் அவ்வாறு ஒதுக்கவில்லை. குட்டைத்தன்மையின் மரபணுக்கள் வேறு நிறப்புரிகளில் இருப்பவை. நிறத்தின் மரபணுக்களோடு பிணைந்தவை அல்ல. எனவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மாற்ற முடிந்தது. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சோனோரா 64 என்ற செங்கோதுமையின் மீது காமாக் கதிரைச் செலுத்தி, அம்பர் நிறமுள்ள சர்பதி சோனோராவைப் பெற்றனர். அம்பர் நிறமுடைய கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய குட்டை வகைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பரவின.

மங்கிய மணிகளில் எது சிவப்பு, எது வெள்ளை என்று கண்ணால் துணிவது கடினம். அதற்கு எளிய சோதனை உண்டு. நீர்த்த எரிசோடாக் கரைசலில் சிறிது நேரம் ஊறவிட்டால் செம்மணி கருஞ்சிவப்பாகும். வெண்மணி வைக்கோல் மஞ்சளாகும். எரிசோடா தோலைப் புண்ணாக்குமாதலால் மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்ய வேண்டும். கரைசலும் இருவகை மணிகளும் மேடையின் இடப்புறம் வைக்கப்பட்டுள்ளன. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் வந்து காணலாம்.